தலாட்டியின் கையெழுத்தும் பொதுச்சாவியும்

1976இல் கோந்த்வா என்பது புணே நகர எல்லைக்கு வெளியே, தெற்குப் பக்கம் கிடந்த இரண்டு கிராமங்கள். கோந்த்வா குர்த் ஒன்று, கோந்த்வா புத்ருக் இன்னொன்று. அங்கே ஒரு விவசாயி தன் நிலம் தன்னுடையதுதான் என்று காட்ட வேண்டுமானால் கையில் சாத்பாரா இருக்க வேண்டும். கிராமக் கணக்கின் 7ஆம் படிவமும் 12ஆம் படிவமும் சேர்ந்த தாள் அது. நிலம் யார் பேரில், எவ்வளவு பரப்பு, என்ன கடன் என்பது 7இல் இருக்கும். என்ன பயிர் என்பது 12இல் இருக்கும். எழுதிக் கொடுப்பவர் தலாட்டி. நமக்குப் புரியும்படி சொன்னால் அன்றைய கர்ணம், இன்றைய கிராம நிர்வாக அலுவலர்.

தலாட்டி தன் பேரேட்டைப் பார்த்துக் கையால் படியெடுப்பார், கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவார். ஊருக்குள் அது போதும். ஊரைத் தாண்டினால்தான் சிக்கல். கடன் கேட்டுப் போகும் வங்கியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலாட்டியையும் தெரியாது, அவர் கையெழுத்தும் தெரியாது. ஒன்று, தெரிந்தவர் யாராவது சாட்சி சொல்ல வேண்டும்; இல்லையென்றால் யாராவது தாசில் அலுவலகம் வரை போய்ப் பேரேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். தாள் உண்மையா என்று சோதிக்கும் வசதி, அந்தத் தாளை வாங்குகிறவன் கையில் இல்லை. வாங்கியவன் ஏமாந்த பிறகுதான் தெரியும்.

வங்கிகளுக்குள்ளேயும் இதே தொல்லை இருந்தது. ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் பணம் தந்தியில் போன காலம். தந்தியைப் பல பேர் பார்ப்பார்கள் என்பதால் தொகையைச் சங்கேதமாக மாற்றி, செய்தி நம் கிளையிலிருந்து வந்ததுதான் என்று காட்ட ஒரு சோதனைக் குறியையும் சேர்ப்பார்கள். சங்கேதப் புத்தகம் இரண்டு பக்கமும் பெட்டகத்தில் பூட்டியிருக்கும். அதாவது, ரகசியமாகப் பேச வேண்டிய இருவர் அதற்கு முன்பே ஒரு ரகசியத்தைப் பங்கிட்டிருக்க வேண்டும். ஆயிரம் கிளைகள் ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் தனி ரகசியம் வைத்துக்கொள்ளப் பார்த்தால் 4,99,500 ரகசியங்கள் தேவை. எல்லோருக்கும் ஒரே புத்தகம் என்றால் ஒரு புத்தகம் திருடு போனாலே எல்லாம் போயிற்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உலகத்தின் எல்லாச் சங்கேத முறைகளும் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றன.

அதே 1976 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு கட்டுரை அச்சானது. 'குறியாக்கவியலில் புதிய திசைகள்' என்று பொருள்படும் தலைப்பு. எழுதியவர்கள் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும். டிஃபி எந்தப் பல்கலைக்கழகத்திலும் நிலையான பதவியில் இல்லாதவர்; குறியாக்கம் பற்றித் தெரிந்தவர்களைத் தேடி அமெரிக்கா முழுக்கக் காரில் அலைந்தவர். 1974இல் ஸ்டான்ஃபோர்டில் ஹெல்மனை அரைமணி நேரம் பார்த்துப் பேசலாம் என்று போனார். பேச்சு இரவு வரை நீண்டது. அன்று இந்தத் துறை ஏறக்குறைய முழுவதும் அரசாங்க உளவு அமைப்புகளின் கையில் இருந்தது. வெளியே நின்று ஆராய்வது வீண்வேலை என்று ஹெல்மனின் சகாக்களே சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் கண்ட வழி இது. சாவியை இரண்டாகப் பிரி. ஒன்றை ஊரறிய வெளியிடு, இன்னொன்றை உன்னிடமே வைத்துக்கொள். வெளியிட்ட சாவியால் யார் வேண்டுமானாலும் உனக்குச் செய்தியைப் பூட்டி அனுப்பலாம். திறக்க உன்னால்தான் முடியும். இதைத் திருப்பிப் போட்டால் இன்னொன்று கிடைக்கிறது, என் கணக்கில் அதுதான் பெரியது. உன் ரகசியச் சாவியால் நீ ஒரு ஆவணத்தில் குறியிட்டால், அது உன் குறிதானா என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் உன் பொதுச்சாவியை வைத்துச் சோதிக்கலாம். சோதிக்கிறவனுக்கு உன்னைத் தெரிந்திருக்கத் தேவையில்லை. கோந்த்வாத் தலாட்டியின் தாளை வாங்கியவனிடம் இல்லாமல் போனது இந்த வசதிதான்.

இவர்களுக்குக் கொஞ்சம் முன்பே இதன் ஓர் ஓரத்தைத் தொட்டவர் ரால்ஃப் மெர்க்கில். 1974இல் பெர்க்லியில் மாணவர். முன்பின் தொடர்பில்லாத இருவர், எல்லோரும் ஒட்டுக்கேட்கும் வழியிலேயே பேசி ஒரு ரகசியத்தை உண்டாக்கிக்கொள்ள முடியும் என்று வகுப்புத் திட்டமாக எழுதிக் கொடுத்தார். ஆசிரியருக்குப் பிடிபடவில்லை. மெர்க்கில் அந்த வகுப்பை விட்டார், யோசனையை விடவில்லை. இதழுக்கு அனுப்பியபோது, குறியாக்கத் துறையின் இன்றைய சிந்தனைப் போக்கில் இது இல்லை என்று மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதினார். கட்டுரை 1978இல்தான் வெளியானது. டிஃபி, ஹெல்மன் பெயர்களில் வழங்கும் முறைக்கு மெர்க்கிலின் பெயரும் சேர வேண்டும் என்று பின்னாளில் சொன்னவர் ஹெல்மனே. அந்த நேர்மையைக் குறிப்பிடாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

டிஃபியும் ஹெல்மனும் கையெழுத்து என்ற யோசனையைச் சொன்னார்களே தவிர, அதைச் செய்து காட்டும் கணக்கு அவர்களிடம் இல்லை. அதைக் கண்டுபிடித்தவர்கள் எம்ஐடியில் இருந்த ரொனால்ட் ரிவெஸ்ட், அடி ஷமீர், லெனார்ட் ஆடில்மன். ரிவெஸ்ட்டும் ஷமீரும் முறை முறையாகக் கொண்டுவர, ஆடில்மன் ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே இருந்தார். 1977 ஏப்ரலில் யூதர்களின் பஸ்கா விருந்து முடிந்து வீடு திரும்பிய ரிவெஸ்ட், தூக்கம் வராத இரவில் யோசித்து எழுதியதை ஆடில்மனால் உடைக்க முடியவில்லை. கட்டுரையில் தன் பெயரைப் போடவே ஆடில்மன் தயங்கினார். கடைசியில் போட ஒப்புக்கொண்டார். மூவர் பெயரின் முதல் எழுத்துகள்தான் ஆர்எஸ்ஏ.

அதன் அடிப்படையைப் பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லலாம். 53ஐ 59ஆல் பெருக்கு என்றால் 3,127 என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். 3,127ஐக் கொடுத்து, எந்த இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று கேட்டால் திணறுவோம். நான்கு இலக்கத்துக்கே இப்படி என்றால் 600 இலக்க எண்ணுக்கு? பெருக்குவது கணினிக்கு நொடியில் முடியும், பிரிப்பது முடியாது. பெருக்கி வந்த எண்ணை உலகத்துக்குக் கொடுக்கலாம். பிரித்த இரண்டு எண்களும் கையெழுத்திடுபவரிடமே இருக்கும். 1977 ஆகஸ்டில் மார்ட்டின் கார்ட்னர் தன் கணிதப் பத்தியில் இதை விளக்கி, 129 இலக்க எண் ஒன்றை வாசகர்களுக்குச் சவாலாக வைத்தார். 1994இல் இணையம் வழியாகச் சுமார் 600 தன்னார்வலர்களின் கணினிகள் சேர்ந்து அதைப் பிரித்தன. இன்று புழக்கத்தில் இருக்கும் எண்கள் அதைவிட மிக நீளமானவை.

பிரிட்டனில் நடந்தது வேறு கதை, வருத்தமான கதை. அந்த நாட்டு உளவு அமைப்பான ஜிசிஹெச்க்யூவில் ஜேம்ஸ் எல்லிஸ், இது சாத்தியம் என்று 1970லேயே எழுதிவிட்டார். 1973இல் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆன கிளிஃபர்ட் காக்ஸ் என்ற இளைஞர் அதைக் கேள்விப்பட்டு, ஒரே மாலையில் ஆர்எஸ்ஏவுக்குச் சமமான முறையைக் கண்டார். அலுவலக விஷயத்தை வீட்டில் காகிதத்தில் எழுதக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் மனத்திலேயே போட்டுப் பார்த்தாராம். மால்கம் வில்லியம்சன் 1974இல் இன்னொரு வழி கண்டார். மூவராலும் வாய் திறக்க முடியவில்லை. 1997 டிசம்பரில் அரசு ரகசியத்தை விடுவித்தபோது எல்லிஸ் இறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பொதுச்சாவி என்ற பெயருக்கு ஏற்ப அது பொதுவுக்கு வந்தது, பெயர் போட்டு அச்சிட்டவர்களால்தான். ஆர்எஸ்ஏ மூவருக்கு 2002இலும் டிஃபி, ஹெல்மனுக்கு 2015இலும் டூரிங் விருது கிடைத்தது.

இந்த வரிசையில் நம்மவர்களும் இருக்கிறார்கள். 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர், ஓர் எண் பகா எண்தானா என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி விரைவாகச் சொல்லும் வழியைக் கண்டார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக் முடித்தவர்கள். இதனால் ஆர்எஸ்ஏ உடைந்துவிடும் என்று சிலர் பதறினார்கள், அது தவறு. பகா எண்ணா என்று கேட்பது வேறு, பெரிய எண்ணைப் பிரிப்பது வேறு. சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். பாலசுப்பிரமணியன், நீல் கோப்ளிட்ஸுடன் சேர்ந்து 1998இல் எழுதிய கட்டுரையைத் தமிழ்நாட்டில் அதிகம் பேர் அறியார். ஆர்எஸ்ஏவுக்கு மாற்றாக வந்த நீள்வட்ட வளைவுக் குறியாக்கத்தின் மேல் ஒரு தாக்குதல் சொல்லப்பட்டிருந்தது. சும்மா ஒரு வளைவைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தாக்குதல் பலிக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று அவர்கள் நிறுவினார்கள். இன்று வாட்ஸ்அப் செய்திகளைக் காப்பதும் நீள்வட்ட வளைவு வகைச் சாவிகள்தான்.

இந்தியச் சட்டத்துக்குள் கையெழுத்து இந்தப் புது வடிவில் நுழைந்தது 2000 அக்டோபர் 17 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது. ஆர்எஸ்ஏவின் அமெரிக்கக் காப்புரிமை காலாவதியானது அதற்குச் சில வாரங்கள் முன்புதான். ஒரு பொதுச்சாவி இன்னாருடையது என்று சான்று கொடுக்க ஓர் அமைப்பு வேண்டும். அந்தச் சான்றிதழ் யோசனையே 1978இல் லோரன் கோன்ஃபெல்டர் என்ற எம்ஐடி மாணவர் தன் இளநிலை ஆய்வேட்டில் எழுதியது. இந்தியாவில் அப்படிச் சான்று வழங்க 2002இல் முதல் உரிமம் பெற்ற நிறுவனம் சென்னையின் சேஃப்ஸ்கிரிப்ட்.

அதே 2002இல் புணேயில் என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்துல் கரீம் தெல்கியின் போலி முத்திரைத்தாள் மோசடி புணே காவல்துறையின் வழக்கால் பெரிதாக வெடித்தது. தாள், நீர்க்குறி, மை, அச்சு இவற்றை நம்பித்தான் நாடு முழுக்கச் சொத்துகள் கைமாறின. அந்தத் தாளையே அச்சடித்து விற்றார்கள். வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் வாங்கின. வாங்கியவர்களால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. 2007இல் புணே சிறப்பு நீதிமன்றம் தெல்கிக்கு 13 ஆண்டு கடுங்காவலும் ₹202 கோடி அபராதமும் விதித்தது. அச்சுக்கூடத்தில் வைத்திருக்கும் ரகசியம் அச்சுக்கூடத்தோடு போய்விடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இன்றைய கோந்த்வாவில் வயலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 1997இல் புணே மாநகராட்சி எல்லை விரிந்தபோது உள்ளே வந்த பகுதிகளில் இதுவும் ஒன்று. கௌசர் பாக் தெருக்களின் கடைகள், முன்னாள் ராணுவத்தினர் நிறைந்த சாளுங்கே விஹார், காத்ரஜ் சாலையில் லாரிகளின் வரிசை, குன்றைக் குடைந்து எழுந்த அடுக்ககங்கள். மகர்பட்டா மென்பொருள் வளாகங்களுக்கு வேலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் என்ஐபிஎம் சாலையில் நிறைய உண்டு. அந்தச் சாலைக்குப் பெயர் தந்தது, ரிசர்வ் வங்கி 1969இல் உருவாக்கிய தேசிய வங்கி மேலாண்மை நிறுவனம். கோந்த்வா குர்தில்தான் அதன் வளாகம். சங்கேதப் புத்தகத்தைப் பெட்டகத்தில் பூட்டிய தலைமுறை வங்கி அதிகாரிகளுக்கும், இன்று கணினிச் சாவிகளை நிர்வகிக்கும் தலைமுறைக்கும் பயிற்சி கொடுத்தது ஒரே நிறுவனம். நடுவில் வங்கிகளைக் கணினிமயமாக்கப் பாதை போட்டவர்களில் முதன்மையானவர் சி. ரங்கராஜன், அவர் தலைமையிலான குழு 1984இல் அறிக்கை கொடுத்தது. தந்தியே 2013 ஜூலையில் நின்றுவிட்டது.

இப்போது ஒரு சாதாரண நாளைப் பாருங்கள். காய்கறி வண்டிக்காரரின் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து யுபிஐ பின்னை அடிக்கிறோம். அந்தப் பின், தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பொதுச்சாவியால் நம் போனுக்குள்ளேயே பூட்டப்படுகிறது. நடுவில் இருக்கும் செயலியால்கூட அதைப் படிக்க முடியாது. வாடகைக்கு வீடு எடுத்தால் 'பாடே கரார்' என்ற வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். முகவர் மடிக்கணினியும் கைரேகைக் கருவியும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுகிறார். கடைசியில் மின்கையெழுத்திட்ட பிடிஎஃப் வருகிறது. சாத்பாராவும் மாறிவிட்டது. 2018 மே 1 மகாராஷ்டிர தினத்தன்று மின்கையெழுத்திட்ட சாத்பாரா வழங்கும் சேவையை அரசு தொடங்கியது. 15 ரூபாய் கட்டினால் சரிபார்ப்பு எண்ணோடு இறங்குகிறது. தலாட்டி அலுவலக வாசலில் காத்துக் கிடந்தவர்களின் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று, நம் ஊரில் பட்டா மாறுதலுக்கு அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

மாறாதது ஒன்று இருக்கிறது, அதைத்தான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். சோதிக்கும் வசதி கைக்கு வந்துவிட்டது, சோதிக்கும் பழக்கம் வரவில்லை. மின்கையெழுத்திட்ட சாத்பாராவை அச்செடுத்து, அதை ஜெராக்ஸ் போட்டு, அந்த ஜெராக்ஸை நம்பி முன்பணம் கொடுக்கிறோம். மின்கையெழுத்து இருப்பது கோப்பில், தாளில் இல்லை. தாளில் தெரிவது அதன் படம் மட்டும். எழுத்தை மாற்றி அச்சடித்தாலும் படம் அப்படியேதான் இருக்கும். கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினால்கூடக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். பிடிஎஃப்பைத் திறந்தால் கையெழுத்தின் மேல் பல கணினிகளில் மஞ்சள் கேள்விக்குறி தெரியும். இந்தியச் சான்றளிப்பு அமைப்புகளின் மூலச் சான்றிதழ் அந்த மென்பொருளின் நம்பிக்கைப் பட்டியலில் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். அந்தக் கேள்விக்குறிக்குப் பழகிப் பழகி, உண்மையிலேயே போலி வந்தாலும் அதைக் கடந்துபோகும் அளவுக்கு ஆகிவிட்டோம். பத்து வருடமாக இதைச் சீர்செய்யாமல் விட்டது அரசுத் துறைகளின் தவறு என்றே நினைக்கிறேன். குடிமகனிடம் சோதிக்கச் சொல்லிவிட்டு, சோதனையின் முடிவை அவனுக்குப் புரியாதபடி காட்டினால் எப்படி?

இன்னொன்று ரகசியச் சாவியை இரவல் கொடுப்பது. சிறுநிறுவனம் நடத்தும் எத்தனையோ பேர் தங்கள் மின்கையெழுத்து டோக்கனைக் கடவுச்சொல்லோடு ஆடிட்டர் அலுவலக இழுப்பறையில் விட்டு வைக்கிறார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைவிட ஆபத்தான செயல் இது. சட்டத்தின் 42ஆம் பிரிவு, ரகசியச் சாவியைக் காப்பது அதற்கு உரியவரின் கடமை என்று தெளிவாகவே சொல்கிறது. மறுநாள் ஏதாவது வழக்கு வந்தால், அந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை என்று அவர் சொல்வதை நீதிமன்றம் எளிதில் ஏற்காது.

கணிதம் உறுதியாக இருந்தாலும் சுற்றி இருப்பதும் உறுதியாக இருக்க வேண்டும் என்பதைப் புணே 2018 ஆகஸ்டில் கண்டது. காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் கணினிகளுக்குள் தீநிரல் புகுந்து, ஏடிஎம் கோரிக்கைகளுக்குப் பொய் ஒப்புதல் கொடுத்தது. இரண்டு நாள் வேலையில் ₹94 கோடி போனது. பல நாடுகளில் போலி அட்டைகளால் பணம் எடுத்தார்கள். பெரிய எண்ணைப் பகா எண்களாகப் பிரிக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை.

அப்படிப் பிரிக்கும் நாளும் வரலாம். பீட்டர் ஷோர் 1994இல் சொன்ன குவாண்டம் வழிமுறையை ஓட்டும் அளவுக்குப் பெரிய கணினி வந்தால் ஆர்எஸ்ஏவும் நீள்வட்ட வளைவும் விழும். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் அதைத் தாங்கும் மூன்று புதிய முறைகளை வெளியிட்டது. இந்தியா 2023 ஏப்ரலில் ₹6,003.65 கோடியில் தேசியக் குவாண்டம் இயக்கத்தை அறிவித்தது. புணே ஐசர் நிறுவனத்திலும் இந்தத் துறையில் வேலை நடக்கிறது. நில ஆவணம் ஐம்பது, நூறு வருடம் நிற்க வேண்டியது. ஆகவே புதிய கையெழுத்து முறைக்கு மாறுவதில் வங்கிகளுக்கு முன்னால் வருவாய்த் துறைகள் நிற்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது எளியது. கோந்த்வாவிலோ வேறெங்கோ வீடோ மனையோ வாங்கப் போகிறீர்கள் என்றால், விற்பவர் நீட்டும் அச்சுத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள். கோப்பைக் கேளுங்கள். அதிலுள்ள சரிபார்ப்பு எண்ணை அரசுத் தளத்தில் நீங்களே அடித்துப் பாருங்கள். அந்த முகவரியை விற்பவர் அனுப்பிய இணைப்பிலிருந்து எடுக்காமல் நீங்களே தேடிப் போங்கள். தமிழ்நாட்டில் பட்டா, சிட்டாவுக்கும் இப்படிச் சரிபார்க்கும் வசதி அரசின் மின்சேவைத் தளத்தில் இருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முந்தைய நாள் 15 ரூபாய் கட்டிச் சாத்பாராவைப் புதிதாக இறக்கி, விற்பவர் கொடுத்ததோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பெயரோ பரப்போ கடன் விவரமோ ஒரு வரி மாறியிருந்தாலும் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.